கடலில்லாத ஊரில் கப்பல் ஆபீஸ்

கடலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நான் கப்பல் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். திண்டுக்கல்லுக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் மலை உண்டு, மலைமேல் கோட்டை உண்டு, குழாயில் மட்டும் தண்ணீர் ஒழுங்காக வராது. அப்படிப்பட்ட ஊரின் நட்டநடுவில், மணிக்கூண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் எங்கள் கப்பல் ஆபீஸ் இருந்தது.

தூத்துக்குடியில் இருந்த ஒரு கம்பெனியின் கிளை அது. எங்கள் பக்கத்து மில்களில் நூற்ற நூல், பதம் பண்ணிய தோல், சின்ன வெங்காயம் என்று எந்தச் சரக்கு கடல் தாண்டிப் போக வேண்டுமானாலும் அதற்கான காகிதங்களைத் தயார் செய்வோம். லாரி பிடித்துச் சரக்கைத் துறைமுகத்துக்கு அனுப்புவோம். கப்பலில் இடம் வாங்கிக் கொடுப்பது தலைமை ஆபீஸின் பாடு. மேனேஜர் சார் மில்காரர்களிடம் பேசுவார், நான் டைப் அடிப்பேன். காலையில் கொழும்பு, மத்தியானம் துபாய், சாயங்காலம் சிங்கப்பூர் என்று உலகத்துத் துறைமுகமெல்லாம் என் விரலில் தட்டுப்பட்டுக்கொண்டிருக்கும். ஐந்தரைக்கு மேல் வீடு இருக்கும் சாணார்பட்டிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு அடித்துப் பிடித்து ஏறுவேன்.

கட்டடம் பழையது. ஒரு காலத்தில் புகையிலைக் கிட்டங்கியாக இருந்ததாம். புகையிலை போய் எத்தனையோ வருடமாகியும் மழை பெய்தால் சுவரிலிருந்து அந்த வாடை கிளம்பும். அன்றைக்கெல்லாம் மேனேஜர் சார் தும்மியபடியே கையெழுத்துப் போடுவார். கீழே ஒரு பூட்டுக் கடை. முதல் மாடியில் நாங்கள். எங்கள் தலைக்கு மேலே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். மேலே ஒரு பட்டாளம் தட்ட, கீழே நான் ஒருத்தி தட்ட, பூட்டுக் கடையில் அரத்தால் சாவியை ராவ, அந்தக் கட்டடம் எந்நேரமும் ஏதாவது ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் காது சும்மா இருப்பது போலத் தோன்றும்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தால் ஊர் மொத்தமும் தெரியும். மேற்கே மலைக்கோட்டை, எங்கே நின்றாலும் வந்து எதிரே நிற்கும். தெற்கே பேகம்பூர்ப் பள்ளிவாசல். இன்னொரு பக்கம், நாங்கள் திருநாளுக்குப் பூசை பார்க்க வரும் சூசையப்பர் கோயில் கோபுரம். கீழே குனிந்து பார்த்தால் மணிக்கூண்டும் அதைச் சுற்றி வரும் பஸ்களும் பூக்காரம்மாக்களும். என்னோடு படித்த சிநேகிதிகள் எல்லாம் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். நான் மட்டும் இம்புட்டு ஊரையும் பார்த்துக்கொண்டு புளிச்சோறு தின்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு. அதைப் பெருமை என்று சொல்வதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

அந்தப் பெருமைக்கு ஒரு கெடு இருந்தது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பி.காம் முடித்து, டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று நான் அடம் பிடித்தபோது, அம்மா வேண்டாம் என்றாள், சித்தப்பாக்கள் வேண்டாம் என்றார்கள். அப்பா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அந்த ஆபீசு இருக்குற வரைக்கும் போ. அதுக்கப்புறம் நாங்க சொல்ற எடத்துல கழுத்த நீட்டணும்" என்றார். திருச்சிப் பக்கம் தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளையும் தயாராகக் காத்திருந்தார். நல்லவர்தான், எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அந்த வீட்டில் மருமகள்கள் வேலைக்குப் போகிற வழக்கமில்லை. ஆகவே ஆபீஸ் இருக்கும்வரை நான் பிழைத்தேன். இதை வீட்டில் எல்லோரும் ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஆபீஸுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முன்பு இருந்தது. தூத்துக்குடியிலிருந்து இங்கிலீஷில் கம்பெனி பேர் எழுதி, பெரிய தகரப் பலகை ஒன்று அனுப்பியிருந்தார்கள். ஒரு ஆடிக் காற்றில் அது பிய்த்துக்கொண்டு போய்ப் பூட்டுக் கடையின் பந்தல்மேல் விழுந்தது. பூட்டுக் கடைக்காரர் அப்போது சற்று முன்தான் உள்ளே போயிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பலகையைத் திரும்ப மாட்ட அவர் சம்மதிக்கவே இல்லை. கட்டடக்காரரும் இனிமேல் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, வேண்டுமானால் பெயிண்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்.

மேனேஜர் சார் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒருவரைக் கூட்டிவந்தார். மேலே ஒரு கப்பல் படம், கீழே கம்பெனி பேர், அவ்வளவுதான் வேலை. பெயிண்டரும் என்னைப் போலக் கடலைப் பார்க்காத ஆள். காலண்டரில் பார்த்த கப்பலை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தவர், கை பழக்கத்தில் அதற்கு முன்னால் இரண்டு ஹெட்லைட் வைத்துவிட்டார். பக்கவாட்டில் லாரிப் பலகைக்குப் போடுகிற மாதிரி தாமரைப் பூ வரிசை. முகப்பில் பல்லை இளித்துக்கொண்டு ஒரு திருஷ்டிப் பொம்மை. கப்பலை ஆசை ஆசையாகப் பெரிதாகவும் போட்டதில், கம்பெனி பேருக்குச் சுவரில் இடமில்லாமல் போய்விட்டது.

"என்னண்ணே, பேரு எங்க?" என்று கேட்டேன்.

"பேரு எதுக்கு பாப்பா? படத்தப் பாத்தாத் தெரியாதா என்ன ஆபீசுன்னு" என்றார் பெயிண்டர்.

மேனேஜர் சார் யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். கப்பலை அண்ணாந்து பார்த்தார், ஒரு தும்மல் போட்டார், "நல்லாத்தேன் இருக்கு" என்று சொல்லிவிட்டு மாடியேறிவிட்டார். அப்படியே அது நிலைத்துவிட்டது.

தொண்ணூறுகளின் பாதியில், தூத்துக்குடியில் பெரிய முதலாளி ஓய்ந்து, அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். சின்ன முதலாளியை நாங்கள் போனில் கேட்டிருக்கிறோமே தவிர நேரில் பார்த்ததில்லை. மதுரையில் ஒரு கிளை இருக்கும்போது பக்கத்தில் திண்டுக்கல்லில் எதற்கு இன்னொன்று என்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சேதி வந்தபடியே இருந்தது. சூசையப்பருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன், போதாக்குறைக்கு அபிராமி அம்மன் கோயில் வழியாகப் போகும்போது அங்கேயும் ஒரு கும்பிடு போட்டு வைத்தேன்.

ஒருநாள் காலை பதினோரு மணிவாக்கில் தபால்காரர் மாடியேறி வந்தார். பின்னாலேயே சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்த, வாட்டசாட்டமான ஓர் ஆள்.

"இந்தாங்க சார், ஒங்க கம்பெனியத் தேடிக்கிட்டு ஒருத்தரு தபாலாபீசு வரைக்கும் வந்துட்டாரு" என்றார் தபால்காரர்.

அந்த ஆள் வாயைத் திறந்ததுமே, போனில் கேட்ட குரலை வைத்து மேனேஜர் சார் அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார். சின்ன முதலாளிதான். முன்கூட்டிச் சொன்னால் ஆபீஸைக் கூட்டிப் பெருக்கி வைத்துவிடுவோம் என்று வேண்டுமென்றே சொல்லாமல் காரில் வந்திருக்கிறார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"அண்ணாச்சி, ஒரு மணி நேரமாச் சுத்துதேன். இந்த ஊர்ல நம்ம கம்பெனி பேர ஒருத்தனுக்கும் தெரியல, பாத்துக்கிடுங்க. கதவு நம்பரச் சொல்லிக் கேட்டா பழைய நம்பரா புது நம்பராங்கான். ஒருத்தன் மலையப் பாத்தே போங்கன்னான், போனா கோட்டை வாசல்ல போய் நிக்கேன். கீழ பூட்டுக் கடையில கேட்டேன், நம்ம காலுக்குக் கீழயே இருக்கவன், அப்படி ஒரு கம்பெனியே இந்த வட்டாரத்துல இல்லன்னு கூட்ஸ் ஷெட்டுக்கு அனுப்பி வச்சான்."

மேனேஜர் சார் முகத்தில் ஈயாடவில்லை. பூட்டுக் கடைக்காரர் தினமும் எங்களோடு டீ குடிப்பவர். அவருக்கே கம்பெனி பேர் தெரியாது என்பது எங்களுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பத்து வருசத்துக்கு மேல இங்கன இருக்கோம். பேர் தெரியாத கம்பெனிக்கு எவன் சரக்கு குடுப்பான்? மாசக் கடைசியோட மூடிருவோம். உங்கள மதுரைக்கு மாத்திக்கிடுதேன். இந்தப் பிள்ளைய..." என்று என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ எந்த ஊரு? மதுரைக்குப் போய் வர முடியுமா?"

முடியாது என்பது கேட்காமலே தெரிந்த விஷயம். சாணார்பட்டியிலிருந்து தினமும் மதுரை என்றால் அம்மா அன்றைக்கே திருச்சிக்குச் சொல்லியனுப்பிவிடுவாள். டைப்ரைட்டரில் பாதியில் நின்ற காகிதத்தைப் பார்த்தேன். கொழும்புக்குப் போகிற நூல். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது கோபம். எனக்கு எப்போதும் அப்படித்தான், அழ வேண்டிய இடத்தில் வாய் நீண்டுவிடும்.

"சார், நீங்க கேட்டதே தப்பு" என்றேன்.

மேனேஜர் சார் பதறிப்போய்க் கண்ணைக் காட்டினார். நான் கண்டுகொள்ளவில்லை.

"என்னம்மா தப்பு? கம்பெனி பேரச் சொல்லிக் கேக்காம பின்ன எப்படிக் கேக்க?"

"இந்த ஊர்ல யாரும் பேரு சொல்லி எடத்தத் தேட மாட்டாங்க சார். எங்களுக்கு எல்லாமே அடையாளந்தேன். மாடிய விட்டு எறங்கி வாங்க. மணிக்கூண்டுல நின்னு கப்பல் ஆபீசு எங்கன்னு கேளுங்க. அதுக்கப்புறம் மூடுறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க."

அவர் என்னையே பார்த்தார். வெயிலில் அலைந்த எரிச்சல் ஒரு பக்கம், இந்தப் பெண்ணுக்கு இம்புட்டு வாயா என்கிற வேடிக்கை ஒரு பக்கம். மேனேஜர் சார் கொடுத்த தண்ணீரைக் குடித்துமுடித்துவிட்டு, "சரி, நட" என்றார்.

இறங்கி மணிக்கூண்டுக்குப் போனோம். வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, யாராவது சோதித்துப் பார்த்த விஷயமா இது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவரைப் பிடித்து முதலாளி கேட்டார்.

"ஏனுங்க, நானே வெளியூருங்க. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல இருந்து வாறனுங்க" என்றார் அவர் பணிவாக.

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். வாசலிலேயே சறுக்கியது எனக்கு. இவ்வளவு பெரிய ஊரில் முதல் ஆளாக ஓர் ஒட்டன்சத்திரத்துக்காரரா வந்து மாட்ட வேண்டும்?

அடுத்து ஒரு பூக்காரம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா பூத்தொடுப்பதை நிறுத்தாமலே, "கப்பல் ஆபீசா? அந்தா, அந்தப் புள்ளயே ஒங்க கூட நிக்கிதே, அதுகிட்டக் கேக்க வேண்டியதுதேன? தெனமும் எங்கிட்டத்தேன பூ வாங்குது" என்றாள். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் முதலாளி லேசுப்பட்டவர் இல்லை.

"உன்னத் தெரிஞ்ச ஆளு உனக்குச் சாதகமாத்தான் சொல்லும். நீ இங்கனயே நில்லு. கூட வராத. நான் தனியாக் கேக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சாலையைத் தாண்டிப் போனார்.

மணிக்கூண்டு நிழலில் நின்றுகொண்டு பார்த்தேன். பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. பஸ் சத்தமும் ஹாரன் சத்தமும்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் கைகள். முதலாளி ஒரு டிராபிக் போலீஸ்காரரிடம் போய் நின்றார். போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே ஒரு கையை எங்கள் கட்டடத்தை நோக்கி நீட்டினார். முதலாளி நகர்ந்து ஒரு கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் கேட்டார். வண்டிக்காரர் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறுகையை அதே பக்கம் நீட்டினார். பேகம்பூரிலிருந்து வந்த குல்லாப் போட்ட ஒரு பாய், சைக்கிளை நிறுத்தி இறங்கி, தோளைத் தொட்டுத் திருப்பி, நிதானமாக வழி காட்டினார். யூனிபார்ம் போட்ட இரண்டு கான்வென்ட் பெண்கள் சிரித்துக்கொண்டே ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் வராதது சந்தோஷத்தில் வந்தது.

பிறகு முதலாளியைக் காணோம். இந்தப் பக்கம் தேடினேன், அந்தப் பக்கம் தேடினேன், ஆளில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. கோபித்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டாரோ என்று கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பூக்காரம்மா என்னைப் பார்த்துவிட்டு, "ஏந்தாயி இப்பிடி நிக்கிற? செத்த நேரம் உக்காரு" என்று சாக்கை நகர்த்திப் போட்டாள். உட்காரவில்லை. வேண்டாத சாமி பாக்கியில்லாமல் வேண்டிக்கொண்டு கட்டடத்துக்கே திரும்பி நடந்தேன்.

நான் வாசலை அடைவதற்கும் ஓர் ஆட்டோ வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. உள்ளேயிருந்து முதலாளி இறங்கினார். பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தே போய், அங்கே வரிசையில் நின்ற ஆட்டோவில் ஏறி, கப்பல் ஆபீஸ் என்று ஒரு வார்த்தைதான் சொன்னாராம். ஆட்டோக்காரர் எந்த ஆபீஸ், எந்தத் தெரு என்று ஒரு கேள்வி கேட்காமல் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

பூட்டுக் கடைக்காரர் வெளியே வந்து முதலாளியைப் பார்த்தார். "என்ன சார், இன்னுமா தேடுறீங்க? யாரப் பாக்கணும்?" என்றார்.

"கப்பல் ஆபீசுக்கு வந்தேன்" என்றார் முதலாளி.

"அட, இதத்தேன் மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? மாடியில, சார்! ஏறுங்க ஏறுங்க!" என்றவர், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "யாரு பாப்பா இவரு, இம்புட்டு வெவரமில்லாம இருக்காரு?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார்.

எனக்குத் தரையைப் பார்ப்பதா வானத்தைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. முதலாளி வானத்தைத்தான் பார்த்தார். அண்ணாந்தவர் கண்ணில் அப்போதுதான் கப்பல் பட்டது. ஒரு பத்தடி பின்னால் போய் நின்று, இடுப்பில் கைவைத்து, முன்னும் பின்னுமாகப் பார்த்தார். துறைமுகத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர். அவர் கம்பெனியின் பேரில் இப்படி ஒரு கப்பல்.

"இது என்னம்மா, கப்பலுக்கு ஹெட்லைட்டு?"

"பெயிண்டர் லாரிக்கு அடிக்கிறவரு சார்."

"பூ என்னத்துக்கு?"

"அதுவும் லாரிக்குப் போடுறதுதேன் சார்."

முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு நடுரோடு என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஆட்டோக்காரர் சேர்ந்துகொண்டார், பூட்டுக் கடைக்காரர் சேர்ந்துகொண்டார், மேலே ஜன்னலில் எட்டிப் பார்த்த மேனேஜர் சார் என்ன ஏதென்று தெரியாமலே சேர்ந்து சிரித்து ஒரு தும்மல் போட்டார். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடியேறினார். நாற்காலியில் உட்கார்ந்து, முழுசாக ஒரு டீ குடித்தார்.

"அண்ணாச்சி, மூட வேண்டாம். கப்பலுக்கு மட்டும் வருசா வருசம் பெயிண்ட் அடிச்சிருங்க. அதே பெயிண்டரையே கூப்பிடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் சாணார்பட்டி பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. ஊர் வரை நின்றுகொண்டே போனேன். கால் வலித்ததாக ஞாபகமே இல்லை.

அடுத்த வருடம் முதலாளி மேனேஜர் சாரையும் என்னையும் தூத்துக்குடிக்குக் கூப்பிட்டார். அப்பாவும் கூட வந்தார், தனியாக அனுப்புவார்களா? அப்படித்தான் நான் கடலைப் பார்த்தேன். கடல் நான் நினைத்ததை விடப் பெரிதாக இருந்தது, கப்பல் நான் நினைத்ததை விட அழுக்காக இருந்தது. ஹெட்லைட் இல்லாத கப்பலைப் பார்க்க என்னவோ மொட்டையாகத் தெரிந்தது. தலைமை ஆபீஸ், பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். தேக்கு மரப் படிக்கட்டு, ஆள் உயர ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று. மாதா கோயிலும் கூடத் தெரிந்தது. அங்கே யாரும் வழி சொல்வதற்கு மலையைக் காட்டவில்லை; கடல் பக்கம் திரும்பு, ஊர் பக்கம் திரும்பு என்றார்கள். எனக்குக் கிழக்கு மேற்கே குழம்பிவிட்டது. கடைத்தெருவுக்குப் போனவள் வழி தப்பிவிட்டேன். மலை இல்லாத ஊரில் எதைப் பார்த்து நடப்பது?

ஒரு பழக்கடையில் கம்பெனி பேரைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் கை நீட்டிவிட்டார். மூன்று தலைமுறையாக அந்தப் பேர் அந்தத் தெருவில் புழங்குகிறது. பிறந்ததிலிருந்து அந்தப் பேரைச் சொன்னால் ஊரே வழிவிட்ட எங்கள் முதலாளி, எங்கள் ஊரில் வந்து ஒரு மணி நேரம் வெயிலில் அலைந்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் அவர்மேல் ஓர் இரக்கம் வந்தது. நானும் வெவரமில்லாமல் அலைந்ததை அவரிடம் சொன்னேன். "அப்போ கணக்குச் சரியாப் போச்சு" என்றார்.

அதற்குப் பிறகு வருடங்கள் நல்லபடியாகவே போயின. திருச்சி மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தது. வீட்டில் எனக்கு வேறு வரன்கள் பார்த்தார்கள், நான் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தேன். ஒருநாள் ஒரு வாத்தியார் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அப்பா, "வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா சர்வ சாதாரணமாக, "மணிக்கூண்டுப் பக்கந்தேங்க. கப்பல் ஆபீசுக்குப் பின்னாடி சந்துல மூணாவது வீடு" என்றார். அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்த நான், மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று எட்டிப் பார்க்கும் முன்பே அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் என் வீட்டுக்காரர், "நீ என்னயவா கட்டுன? கட்டடத்தையில்ல கட்டுன" என்று சீண்டுவார். பாதி உண்மைதான் என்று ஒத்துக்கொள்வேன். அந்தக் கட்டடத்துக்குக் காபி போடத் தெரியாது, இவருக்குத் தெரியும்.

கல்யாணத்துக்குப் பிறகு சந்துக்குள்ளிருந்து நடந்தே வேலைக்குப் போனேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. மேலே இன்ஸ்டிட்யூட்டிலும் தட்டுகிற சத்தம் குறைந்து, ஒருநாள் நின்றே போனது. டவுன் பஸ்களும் மினி பஸ்களும் எங்கள் கட்டடத்துக்கு எதிரில் நிற்க ஆரம்பித்தன. எந்த உத்தரவிலும் அப்படி ஒரு நிறுத்தம் கிடையாது. கண்டக்டர்கள் அவர்களாகவே, "கப்பல் ஆபீசு, கப்பல் ஆபீசெல்லாம் எறங்கு" என்று கூவுவார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்களில் வேலை குறைந்தது. மில்காரர்கள் அவர்கள் ஆபீஸில் உட்கார்ந்தே காகிதங்களை நெட்டில் அனுப்பப் பழகிவிட்டார்கள். மேனேஜர் சார் ஓய்வு பெற்றார். ஒருநாள் முதலாளியே போன் பண்ணினார். இந்த முறை அவர் குரலில் கோபமில்லை. "இனி முடியாதும்மா. நான் எவ்வளவோ இழுத்துப் பாத்துட்டேன். கம்ப்யூட்டரு, பிரிண்டரு, மேசை நாற்காலி எல்லாம் நீயே வச்சிக்கிடு" என்றார். அழுதேன். இந்த முறை வாய் நீளவில்லை. கோபித்துக்கொள்ள அங்கே யாரும் இல்லையே.

கட்டடக்காரர் ஆபீஸைக் காலி பண்ணச் சொல்லவில்லை, சாவி என்னிடமே இருந்தது. நான்தான் அந்தப் பக்கம் போகப் பிடிக்காமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். மாமியார், "போதுமாத்தா, இம்புட்டு நாளு ஓடுனது. புள்ளையப் பாத்துக்கிட்டு வீட்டுல இரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதற்குள் ஒரு செல்போன் கம்பெனிக்காரர்கள் வந்து கப்பல்மேல் நீலத்தில் விளம்பரம் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சந்து முனையில் நின்று அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அப்பா வந்தார். வயதாகிவிட்டது, ஆனாலும் டவுன் பஸ்ஸில்தான் வருவார், ஆட்டோ வைக்கமாட்டார். மஞ்சப்பையில் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார். நான் தலைகூடச் சீவாமல் இருந்ததைப் பார்த்தார். பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஏன் இன்னக்கி வேலைக்குப் போகல?" என்றார்.

"என்னப்பா, தெரியாத மாதிரி கேக்குறீங்க? ஆபீச மூடியாச்சுன்னு சொன்னேன்ல."

"யாரு சொன்னா மூடியாச்சுன்னு?"

"முதலாளியே சொல்லிட்டாரு. கப்பலையும் அழிச்சிட்டாங்க. இனி அங்க என்ன இருக்கு?"

அப்பா ஒரு கொய்யாவை எடுத்து வேட்டியில் துடைத்துப் பேரனிடம் கொடுத்தார்.

"எனக்கு அதெல்லாந் தெரியாது. பஸ்ஸ்டாண்டுல ஏறுனேன், கண்டக்டர் எங்கன்னு கேட்டான், கப்பல் ஆபீசுன்னேன், டிக்கெட்டுக் குடுத்தான். இப்ப கப்பல் ஆபீசுல எறங்கித்தேன் நடந்து வாரேன். ஆபீசு இருக்குற வரைக்கும் வேலைக்குப் போன்னு நாஞ் சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்கப்பா" என்றேன்.

"அப்பறம் என்ன? கம்ப்யூட்டர் இருக்கு, பிரிண்டர் இருக்கு, மனு, பாரம்னு ஊருக்கு டைப் அடிச்சுக் குடுக்க ஒனக்குத் தெரியும். ஊர்ல எவனுக்கு வழி தெரியாது? போ ஆத்தா, போய்க் கதவத் தெற. புள்ளைய நான் பாத்துக்கிறேன்."

எழுந்து முகம் கழுவினேன். தலையைச் சீவிக்கொண்டு, சேலையை மாற்றிக்கொண்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன்.